சம்பந்தி பஜ்ஜி

பிப்ரவரி 4

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

சம்பந்தியம்மா என்று எழுதலாமா கூடாதா என்பதே இன்னும் முடிவாகவில்லை. இருந்தாலும் வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாததால் அப்படியே எழுதிவிட்டேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இது என் மகளின் உத்தரவு. போன வாரம் நீங்கள் குடும்பத்தோடு எங்கள் பஜ்ஜிக் கடைக்கு வந்து, விருந்தைப் பற்றிப் பேச்சு எடுத்து, நாம் இருவரும் மேசையைத் தட்டி, உங்கள் வீட்டுக்காரர் நைசாக எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டாரே, அதற்குப் பிறகு போனிலும் இரண்டு முறை பேசிப் பார்த்தோம். இரண்டாவது முறை என் மகள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். "அப்பா, நீங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுறீங்க. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தர் காதுல விழறதே இல்ல. இனிமே போன் கிடையாது, லெட்டர் எழுதுங்க. நடுவுல குறுக்கிட முடியாதில்ல?" என்றாள். உங்கள் மகனும் அங்கே இதையேதான் சொன்னாராம். விருந்து விஷயத்தில் நாம் ஒத்துப்போகும் வரைக்கும் கல்யாணத் தேதியைக் குறிக்க மாட்டோம் என்று இருவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

ஆகவே என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். விருந்தில் பீர் கூடாது. கோப்பையிலும் கூடாது, பாட்டிலிலும் கூடாது. பஜ்ஜி மாவில் நீங்கள் காய்ச்சுகிற பீரை ஊற்றிச் சுடலாம் என்று பிள்ளைகள் யோசனை சொன்னார்களே, அது அறவே கூடாது. அன்னாசியும் வாழைப்பழமும் ஆப்பிளும் என் வாணலியில் காலம் காலமாக வெந்துகொண்டிருக்கின்றன. என் மாவுக்கு வெளியிலிருந்து ஒத்தாசை தேவைப்பட்டதில்லை.

உங்கள் மேல் எனக்கு வேறு எந்த வருத்தமும் இல்லை.

இப்படிக்கு,
பெண்ணின் அப்பா


பிப்ரவரி 9

மதிப்புக்குரிய சம்பந்திக்கு,

உங்களுக்கு என் மேல் வருத்தம் இல்லை என்று தெரிந்து மகிழ்ச்சி. எனக்கு உங்கள் மேல் நிறைய இருக்கிறது.

முதலாவது, நீங்கள் என் பீர்க்கூடத்தைச் "சாராயக் கடை" என்று சொன்னீர்கள். அதுவும் என் முகத்துக்கு நேராக, என் வீட்டுக்காரர் முன்னால். கிராஃப்ட் பீர் என்று மற்றவர்கள் ஸ்டைலாகச் சொல்வார்கள், எனக்கு அதெல்லாம் வராது. நான் பீர் காய்ச்சுகிறவள், அவ்வளவுதான். நாள் முழுக்க நான் செய்வது என்ன தெரியுமா? பாத்திரம் கழுவுவது. தொட்டி, குழாய், பீப்பாய், மறுபடியும் தொட்டி. கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் மொத்தமும் புளித்துப் போகும். உங்கள் வாணலியை ஒருநாள் என்னிடம் கொடுத்துப் பாருங்கள், அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்.

இரண்டாவது, உங்கள் பஜ்ஜி. ருசியில் குறையே இல்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தட்டில் வைத்து நீங்கள் என்னைத் திட்டி முடிப்பதற்குள் அது துவண்டு போயிற்று. மேல்தோல் மொறுமொறுவென்று நிற்கவில்லை. மாவில் காற்று இல்லை சம்பந்தி. என் தொழிலே காற்றுதான்.

என் மகனிடம் இரண்டு பாட்டில் கொடுத்து அனுப்புகிறேன். ஒன்று ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ தூக்கலாகப் போட்டது, மற்றது கோதுமை பீர். உங்களை யாரும் குடிக்கச் சொல்லவில்லை. தண்ணீருக்குப் பதிலாக மாவில் ஊற்றிச் சுட்டுப் பாருங்கள். நன்றாக இல்லை என்று நீங்கள் மனசாட்சிப்படி எழுதினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன், விருந்து உங்கள் இஷ்டம். என் மகன் இந்தப் பேச்சு ஆரம்பித்ததிலிருந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறான். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

இப்படிக்கு,
பையனின் அம்மா


பிப்ரவரி 17

சம்பந்தியம்மாவுக்கு,

மனசாட்சிப்படி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். கேவலம்.

உங்கள் நெட்டைப் பையன் பாட்டில்களைக் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போக வந்தவர் சாயங்காலம் வரைக்கும் போகவில்லை, அது வேறு விஷயம். நான் லேபிள் அழகாக இருந்த பாட்டிலை எடுத்தேன். திறந்ததும் நுரை பீறிட்டு என் சட்டை, கண்ணாடி, கூரை வரைக்கும் அடித்தது. மாவில் ஊற்றி, ஒரு கட்டி இல்லாமல் வழவழவென்று கலக்கி, ஈரத்துணி போட்டு மூடி, ஒரு மணி நேரம் ஊற வைத்தேன். நான் எந்த மாவையும் ஊறாமல் எண்ணெயில் விட்டதில்லை. பிறகு அன்னாசியைத் தோய்த்துச் சுட்டேன்.

வேப்பிலையை அரைத்து ஊற்றியது மாதிரி கசந்தது. தோலும் தடிப்பாக, பல்லுக்கு வேலை வைத்தது. பக்கத்துக் கடைத் தையல்காரருக்கு ஒன்று கொடுத்தேன். என் கடையில் எது கொடுத்தாலும் "பிரமாதம்" என்பவர் அவர். இதையும் பிரமாதம் என்றுதான் சொன்னார். ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றது. சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்த் துப்பியதை நான் பார்த்தேன்.

ஆகவே என் பக்கம் ஜெயித்துவிட்டது. எனக்கு இதில் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நுரை என் முகத்தில் அடித்ததும் என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணப் பேச்சு தடைப்பட்டதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதனால் இரண்டாவது பாட்டிலைக் கீழே கொட்ட மனம் வரவில்லை. குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பெண்ணின் அப்பா


பிப்ரவரி 22

சம்பந்திக்கு,

ஒரு மணி நேரம் ஊற வைத்தீர்களா! படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மாவில் பீர் ஊற்றுவதே அந்தக் குமிழிக்காகத்தான். அது உயிரோடு இருக்கும்போதே எண்ணெயில் விழ வேண்டும். நீங்கள் ஈரத்துணியைப் போர்த்தி, தாலாட்டுப் பாடித் தூங்க வைத்துவிட்டு, பிறகு பொங்கவில்லை என்று குறை சொல்கிறீர்கள். அதுவும் கசப்புப் பாட்டிலை எடுத்திருக்கிறீர்கள். கசப்பு பீர் குடிப்பதற்கு. சூட்டில் அந்தக் கசப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். லேபிளைப் பார்த்து எடுக்காமல் என்னைக் கேட்டிருக்கலாம்.

உங்களைப் பார்த்து மட்டும் சிரித்தால் நியாயமாகாது. என் மூக்கும் உடைந்தது, கேளுங்கள்.

நீங்கள் எழுதுவதற்கு முன்பே நானும் இங்கே சுட்டுப் பார்த்தேன். பீர் கலந்த பஜ்ஜியைப் பீர்க்காரியால் சுட முடியாதா என்ற திமிர். ஜில்லென்று பாட்டிலைத் திறந்தேன். ஒரு பாத்திரத்தில் ஊற்றினேன், அதிலிருந்து இன்னொன்றுக்கு, மறுபடி இதற்கு, டீ ஆற்றுவதுபோல ஆற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு குமிழி மிச்சமில்லாமல் போன பிறகுதான் கையை நிறுத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் தெரியுமா? பீர் பதமாகிவிட்டதா என்று பார்க்க மிதவைக் கோலை அதில் விடுவோம். குமிழி இருந்தால் கோலைத் தூக்கிக் காட்டி ஏமாற்றும். அதனால் முதலில் காற்றை வெளியேற்றுவது வழக்கம். தினமும் செய்கிற வேலை, கை தானாகப் போய்விட்டது. மூளை பின்னால் வந்து சேர்ந்தது.

வந்தது பஜ்ஜி அல்ல, செருப்பு. வார் வைத்துத் தைத்தால் மழைக்காலத்தில் போட்டுக்கொண்டு நடக்கலாம். என் மகன் மூன்று தின்றான், ஒரு குறையும் சொல்லவில்லை. பெற்றவள் மேல் பாசம் என்றால் அதுதான். வீட்டுக்காரர் தனக்கு வயிறு சரியில்லை என்று பீப்பாய் அறைக்குள் போய்விட்டார்.

ஆக, நீங்கள் தூங்க வைத்தீர்கள், நான் ஆற்றிக் கொன்றேன். அந்த இரண்டாவது பாட்டிலைக் கொட்டாதீர்கள். அதுதான் கோதுமை. அது சரி, அன்னாசி போட்டால் எண்ணெய் அப்படித் தெறிக்கிறதே, நீங்கள் என்ன செய்வீர்கள்? எண்ணெய் காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? என் கையெல்லாம் பொட்டுப் பொட்டாகக் கொப்புளம்.

இப்படிக்கு,
பையனின் அம்மா


மார்ச் 1

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கைக்கு மருந்து போடுங்கள் முதலில்.

அன்னாசியை வெட்டியதும் உலர்ந்த துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு ஒற்றி எடுங்கள். பிறகு வெறும் மாவில் லேசாகப் புரட்டுங்கள். சாறு வெளியே வராது, கலந்த மாவும் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்க்கு ஒரு சொட்டு மாவு விட்டுப் பாருங்கள். அடிக்குப் போன சொட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டால் சூடு போதாது. போன வேகத்தில் திரும்பி வந்தால் சரி. மேலேயே நின்று கருகினால் அடுப்பைக் குறையுங்கள். ஒரே முறை திருப்பினால் போதும். நோண்டிக்கொண்டே இருக்கக் கூடாது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். முதலில் எண்ணெயைக் காய வைத்தேன். பழமெல்லாம் தயார். கடைசியில்தான் என் மகள் பாட்டிலைத் திறந்து மாவில் ஊற்றினாள், நான் நாலு சுற்று சுற்றினேன். மாவில் கட்டி கட்டியாக இருந்தது. கட்டியோடு எண்ணெயில் விட மனம் வராமல் மறுபடி கலக்கப் போனேன். "அப்பா, போடுங்க, நுரை அடங்குது!" என்று அவள் கத்தினாள். போட்டுவிட்டேன்.

சம்பந்தியம்மா, அது உப்பி வந்ததே! மேலெல்லாம் முத்து முத்தாகப் பொரிந்து, பொன் நிறத்தில், கரண்டியால் தட்டினால் சத்தம் கேட்டது. தையல்காரருக்குக் கொடுத்தேன். அவர் பிரமாதம் என்று சொல்லவில்லை. மென்று முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலேயே கையை மட்டும் நீட்டினார். நாலு முறை நீட்டினார்.

நானும் ஒன்று தின்றேன். குடிக்க மாட்டேன் என்று சொன்னவன், கடித்துத் தின்னலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். அப்புறம் ஆறிப் போகுமே என்று யோசிப்பதை நிறுத்திவிட்டேன். உள்ளே பழம் குழைந்திருந்தது, வெளியே தோல் நொறுங்கியது, சுட்ட ரொட்டியின் வாசம் லேசாக வந்தது. நான் தோற்றுவிட்டேன். இவ்வளவு ருசியாகத் தோற்றதில்லை.

இன்னும் பாட்டில் வேண்டும். மாப்பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். மாப்பிள்ளை என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அன்புடன்,
பெண்ணின் அப்பா


மார்ச் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

சம்பந்தி சம்பந்தி என்று எழுதி எனக்கு அலுத்துவிட்டது. இனி அண்ணாதான்.

உங்கள் கடிதத்தை வாங்கியதும் பீர்க்கூடத்தில் நின்றபடியே சத்தமாகப் படித்தேன். "கையை மட்டும் நீட்டினார்" என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் கைதட்டினார். நீங்கள் சொன்னபடி துணியில் ஒற்றி, மாவில் புரட்டிப் போட்டேன். ஒரு சொட்டுத் தெறிக்கவில்லை! இத்தனை நாளாக இந்த வித்தையை வைத்துக்கொண்டு, விருந்துச் சண்டையில் என்னிடம் நேரத்தை வீணடித்திருக்கிறீர்கள்.

ஒரு பெட்டி கோதுமை பீர் வருகிறது. இன்னொரு செய்தி, மாவுக்கென்றே தனியாக ஒரு பீர் காய்ச்ச ஆரம்பித்துவிட்டேன். கசப்புப் பூ பெயருக்கு ஒரு சிட்டிகை, காற்று கூடுதல், ஆரஞ்சுத் தோல் கொஞ்சம். தலைகால் புரியாமல் இதிலேயே கிடக்கிறேன். வாழைப்பழத்துக்கு எந்தப் பதம் நல்லது? கனிந்தது கரைந்து போகிறது, காயாக இருந்தால் ருசி இல்லை. ஆப்பிளை வட்டமாக வெட்டுவீர்களா, பிளந்தா? எவ்வளவு தடிமன்? தோலோடா? சர்க்கரை மாவிலேயே போடலாமா, சுட்ட பிறகு மேலே தூவலாமா? எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும்.

வேறு ஏதோ ஒன்றும் எழுத நினைத்தேன். என் மகன் காலையில் நினைவுபடுத்தினான், என்னவென்று மறந்துவிட்டது. முக்கியமானதாக இருக்காது.

அன்புடன்,
பையனின் அம்மா


மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

வாழைப்பழத்தின் தோலில் கரும்புள்ளி விழ ஆரம்பித்த அன்று வெட்ட வேண்டும், மறுநாள் வரை விடக் கூடாது. ஆப்பிள் வட்டமாக, தோல் சீவி, நடுவில் விதையை எடுத்துவிட்டு, சுண்டுவிரல் தடிமன். சர்க்கரை மாவில் போடாதீர்கள், சீக்கிரம் கருகும். மேலே தூவுங்கள்.

இங்கே கடையில் கூட்டம் தாங்கவில்லை. தையல்காரர் அதற்குச் "சம்பந்தி பஜ்ஜி" என்று பெயர் வைத்துவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் அந்தப் பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள். ஒரு பாட்டிலுக்கு ஒரு ஈடுதான் கலக்க முடியும், அது தீர்ந்ததும் புதிதாகக் கலக்க வேண்டும். என் மகள் ஊற்றுகிறாள், நான் தோய்த்துப் போடுகிறேன். அவள் கையும் என் கையும் சேர்ந்தால்தான் நுரை அடங்குவதற்குள் முடிகிறது.

நேற்று அப்படி நிற்கும்போதுதான் ஒன்று உறைத்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும், உங்களிடமே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆனால் அவள் உங்கள் ஊருக்கு வந்துவிடுவாள். பஸ்ஸில் அரை நாள் தூரம். அவள் அம்மா போன பிறகு இந்தக் கடையில் நானும் அவளும்தான். காலையில் ஷட்டரை அவள் ஒரு பக்கம் தூக்குவாள், நான் ஒரு பக்கம். அவள் போய்விட்டால் அந்தப் பக்கத்தை யார் தூக்குவார்கள்? பீர் கூடாது என்று நான் குதித்ததெல்லாம் அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. பீர் பாவம், நடுவில் வந்து மாட்டிக்கொண்டது.

இதை அவளிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 20

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், பிறகு சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்றால், நான் இங்கே தலைகீழாகப் பயந்துகொண்டிருந்தேன். உங்கள் கடைக்கு வந்த நாளிலேயே என் மகன் அந்த வாணலியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இவன் வீட்டோடு மாப்பிள்ளையாக உங்கள் ஊரிலேயே தங்கிவிடுவான், நான் தனியாகத் தொட்டி கழுவ வேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். உங்களிடம் அன்று அவ்வளவு கத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். நாம் இருவரும் ஒரே வியாதிக்காரர்கள்.

இதுவரை எழுதிவிட்டு உறையில் போடப் போகும்போது தபால்காரர் வந்தார். அச்சடித்த அட்டை ஒன்று. உங்களுக்கும் வந்திருக்கும். வந்திருக்காவிட்டால் உட்கார்ந்துகொண்டு படியுங்கள், அப்படியே எழுதுகிறேன்:

"எங்கள் பெற்றோர் பஜ்ஜி மாவில் மூழ்கியிருப்பதால், தேதியை நாங்களே குறித்துவிட்டோம். ஏப்ரல் 12 காலை, இரு ஊருக்கும் நடுவில் உள்ள ஊரின் பதிவு அலுவலகத்தில் எங்கள் திருமணம். சாட்சிக் கையெழுத்துப் போட அப்பாவும் அம்மாவும் தவறாமல் வரவும். விருந்து என்ன என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளலாம். அதே ஊரில் நாங்கள் ஒரு சிறிய பஜ்ஜிக் கடையும் பிடித்திருக்கிறோம். அங்கேயே குடியிருப்போம்."

நம் பிள்ளைகள் கல்யாணத்துக்கு நமக்கே அழைப்பு! நடு ஊராம்! உங்களுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. என் மகனைக் கூப்பிட்டு, "என்னடா இது?" என்றேன். "அம்மா, நானும் எத்தனை நாள் கேக்கறது? நீங்க ஆப்பிள் தடிமனைப் பத்தியே எழுதிட்டிருந்தீங்க" என்றான். அன்று மறந்துவிட்டது என்று எழுதினேனே, அது தேதிதான்.

உடனே எழுதுங்கள். கோபமா, சந்தோஷமா?

தங்கை


மார்ச் 24

தங்கைக்கு,

இரண்டும். அட்டையைப் படித்ததும் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். "பெத்தவன் நான் இருக்கேன், நீயே தேதி வெச்சுக்குவியா?" என்று கேட்டேன். அவள் வெங்காயம் நறுக்குகிற நிதானத்தோடு அன்னாசியை நறுக்கிக்கொண்டே, "முதல் லெட்டருக்கு அப்புறம் தேதின்னு ஒரு வார்த்தையாவது எழுதினீங்களாப்பா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். இல்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அவளும் சிரித்தாள், கடைக்கு வந்தவர்கள் எதற்கென்று தெரியாமலேயே சேர்ந்துகொண்டார்கள்.

அரை நாள் என்பது பாதியாகக் குறைந்திருக்கிறது. அதுவும் தூரம்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு விருந்துக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

விருந்துக்கு நான் பெரிய வாணலியும் எண்ணெயும் பழமும் கொண்டுவருகிறேன். நீங்கள் மாவுக்கென்று காய்ச்சிய பீரைக் கொண்டுவாருங்கள். குடிக்கிறவர்களுக்கும் கொஞ்சம் கொண்டுவாருங்கள், நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். ஒரே ஒரு சிக்கல். மணப்பெண் கையில் பாட்டிலைக் கொடுத்து அடுப்படியில் நிறுத்த முடியாது. எனக்கு ஊற்ற ஆள் வேண்டும். நீங்கள் ஊற்றுவீர்களா? தயவுசெய்து ஆற்றாதீர்கள்.

அண்ணன்


ஏப்ரல் 16

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். இனி போனில் பேசலாம் என்று பிள்ளைகள் அனுமதி கொடுத்துவிட்டாலும் எழுதுகிறேன். இதைப் போனில் சொன்னால் நீங்கள் நடுவில் சிரித்துவிடுவீர்கள்.

விருந்தில் நீங்கள் ஊற்றிய கை இருக்கிறதே, ஒரு முறைகூடப் பிந்தவில்லை. அவ்வளவு கூட்டத்துக்கும் ஈடு ஈடாகப் போட்டோம், ஒரு பஜ்ஜியாவது துவண்டதா? உங்கள் வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் எங்கும் ஒளிந்துகொள்ளாமல் தட்டோடு நம் பக்கத்திலேயே நின்றாரே, அதுவே பெரிய விஷயம்.

மறுநாள் கடையைத் திறந்தேன். ஷட்டரை ஒரு பக்கமாகத் தூக்கினால் கோணிக்கொண்டு நிற்கிறது. தையல்காரர் ஊசியும் நூலுமாக ஓடிவந்து மறுபக்கம் பிடித்தார். மத்தியானம் வரைக்கும் வெறும் தண்ணீர் ஊற்றியே மாவு கலக்கினேன். பாட்டிலைத் தொட மனம் வரவில்லை. வந்தவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

இன்று காலையில் மகள் போன் செய்தாள். அவர்கள் கடையில் முதல் ஈடு போட்டார்களாம், சரியாக வரவில்லையாம். "அப்பா, எண்ணெய் காஞ்சிடுச்சான்னு எப்படிப்பா பாக்கறது? எனக்கு ஒண்ணும் புரிய மாட்டேங்குது" என்றாள்.

தங்கச்சி, அவள் நாலாம் வகுப்பு படிக்கும்போதே எண்ணெயின் சத்தத்தைக் கேட்டுப் பதம் சொல்வாள். என் எண்ணெய் காயவில்லை என்று என்னையே அதட்டியவள். இந்தத் தெருவில் அவளைவிட எண்ணெய் தெரிந்தவர்கள் கிடையாது. ஆனால் நான் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. "நீ எதையும் தொடாதே, உனக்குத் தெரியாது. நான் வியாழக்கிழமை வந்து காட்டறேன்" என்றேன். "வாரா வாரம் வந்தாத்தான்பா எனக்குப் புரியும்" என்றாள். வியாழக்கிழமை விடுமுறை என்று பலகை எழுதி மாட்டிவிட்டேன்.

உங்கள் மகனும் இன்றோ நாளையோ போன் செய்வார். பீர் நுரைக்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை என்பார். தயவுசெய்து நம்பிவிடுங்கள்.

உங்கள் அண்ணன்